நல்லா இருக்கு பாய்

“மூஞ்சியச் சுளிச்சிடாதீங்க. எப்படி இருந்தாலும் சிரிச்சிக்கினே முழுங்கிடணும்” என்று தேவசகாயம் அந்த மனிதரின் காதோரம் குனிந்து சொன்னான்.

“இன்னாப்பா, விஷமா குடுக்கப் போறீங்க?” என்று மிரண்டார் ஷபீ அஹமது. தெருவுக்குக் குடி வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, பாவம்.

“பிரியாணிதான் பாய். ஆனா விஷயம் இருக்கு.”

விஷயத்தை விளக்கிச் சொல்லத் தேவசகாயத்துக்குத் தெம்பே இல்லை. வாரம் முழுக்க ஷூ கம்பெனியில் நின்று நின்று கால் கடுத்துப் போய், ஞாயிற்றுக்கிழமையாவது படுக்கலாம் என்றால் அதுவும் இல்லை. இருந்தாலும் புது ஆள் எதையாவது உளறி வைத்தால் எல்லாம் பாழாகிவிடுமே!

வாஹித் பாஷா மாஸ்டரின் பிரியாணிக்கு ஆம்பூரே வரிசை கட்டி நின்ற காலம் உண்டு. போன வருஷம் வாயில் புற்று வந்தது. கரண்ட் வைத்து, அதாவது ரேடியேஷன் கொடுத்து, உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் நாக்கு செத்துப்போனது. உப்பும் தெரியாது, காரமும் தெரியாது. ருசி சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

கடையை மூடிய மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். கஞ்சியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். ஒரு காலத்தில் கம்பெனி மூடிக் கிடந்தபோது இந்தத் தெருவில் ஒரு வீட்டில்கூட அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர் அவர். அதை எப்படி மறப்பது? தேவசகாயம்தான் வீடு வீடாகப் போய்ப் பேசி, அரிசியும் கறியும் சேர்த்து, அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அடுப்பெதிரே நிறுத்தினான்.

“சரி தேவா, ஞாயித்துக்கிழமைக்கு ஒரு தேக்சா பிரியாணி போடறேன்” என்றார் மாஸ்டர். “ஆனா என்னிக்கு ஒரு ஆளு வாயில வெக்க முடியலன்னு சொல்றானோ, அன்னியோட கரண்டியப் போட்டுடுவேன். அப்பறம் என்னை எழுப்பாதே.”

அன்று தொடங்கிய பொய், இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒரு வாரம் காரம் மண்டையைப் பிளக்கும், ஒரு வாரம் உப்பே இருக்காது. தெருவே “நல்லா இருக்கு பாய், நல்லா இருக்கு பாய்” என்று தட்டைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும். ராமலிங்கம் வீட்டில் மட்டும் திடீரென்று பக்தி முற்றி, ஞாயிறு தவறாமல் சோளிங்கர் மலை ஏறுகிறார்கள்.

“அவ்ளோதானே? நான் பாத்துக்கறேன்” என்றார் ஷபீ அஹமது, அரை மனதாக.

தெருக்கோடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து தம் போட்ட தேக்சாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவசகாயத்தின் மனைவி மெர்சி, சர்ச்சிலிருந்து வந்த கையோடு எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

தேவசகாயம் ஒரு வாய் குடித்தான். சர்க்கரையே இல்லை. பாவம், அவசரத்தில் மறந்துவிட்டாள் போல. சொல்லாமல் விழுங்குவதுதான் அவனுக்குப் பழகிப்போன கலையாயிற்றே, மீதியையும் மடமடவென்று விழுங்கிவிட்டான். மாஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை அப்படியே செங்கல் மேல் வைத்தார். மறுபடியும் தொண்டை வலிக்கிறது போலும்.

“ஏங்க, இன்னும் எத்தினி ஞாயிறு இப்படியே ஓட்டப் போறீங்க?” என்று மெர்சி தாழ்ந்த குரலில் கேட்டாள். “சனங்களுக்கு முடியல. உங்களப் பாருங்க, ஆளே பாதியாப் பூட்டீங்க.”

“எனக்கும் முடியலதான்” என்றான் தேவசகாயம். “அவரு திரும்பப் போயிப் படுத்துட்டா, அப்பறம் எழுந்திரிக்க மாட்டாரு மெர்சி.”

தேக்சா திறந்தது. மாஸ்டரே கரண்டி பிடித்து ஒவ்வொரு தட்டிலும் வைத்தார். வாசனைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. தேவசகாயம் ஒரு பிடி வாயில் போட்டதும் நாக்கு சுருண்டுகொண்டது. அப்பா, என்ன உப்பு! இத்தனை வாரத்தில் இப்படி ஒரு உப்பு கிடையாது.

அவன் பார்வை ஷபீ அஹமதின் மேல் ஓடியது. அந்த மனிதர் கண்ணில் நீர் முட்ட, வாயை மூடியபடி திணறிக்கொண்டிருந்தார். தேவசகாயம் அவர் காலை அழுத்தி மிதித்தான்.

“நல்லா... நல்லா இருக்கு பாய்!” என்று விழுங்கினார் ஷபீ அஹமது.

அப்பாடா. இந்த வாரமும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டபோது, பின்னால் ‘ணங்’கென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். கரண்டி தரையில் கிடந்தது.

“உப்பு ஜாஸ்தி” என்றார் மாஸ்டர்.

எத்தனை வாரப் பாடு, எத்தனை பேர் வயிற்றெரிச்சல், எல்லாம் போயிற்று! தேவசகாயத்துக்கு வந்த ஆத்திரத்தில் குரல் உடைந்துவிட்டது.

“யாரு பாய் சொன்னது? எந்த ஆளு சொன்னான்?”

“அல்லா மேல ஆணையா நான் சொல்லலீங்க” என்று பதறினார் ஷபீ அஹமது.

“யாரும் சொல்லலடா” என்றார் மாஸ்டர். அவர் விரலில் இரண்டு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல நிமிர்ந்து மெர்சி பக்கம் திரும்பினார்.

“மெர்சிம்மா, நீ குடுத்த டீயில சக்கரை இல்லதானே?”