அண்டாவுக்குள் ஊர்

அனல்மின் நிலையத்தில் பிடிக்கிற கரியமில வாயுவை எங்கள் ஊருக்கு அடியில் புதைக்கலாமா என்று கேட்க ஒரு கூட்டம். வந்திருந்த மேலாளர் பன்னீர் சோடா குடித்து ஏப்பம் விட்டுக் காட்டினார். "இதே கேஸ்தாங்க. ஆயிரம் மீட்டர் கீழ. மேல பாறைதான் மூடி." எல்லோரும் சிரித்தார்கள்.

"மூடி பொளந்துக்கிட்டா?" என்றாள் அஞ்சம்மா சித்தி.

"காத்தோட போயிரும்மா."

போகாது. எங்கள் தெருவின் முதல் பட்டம் என்னுடையது, நிலவியல். அந்த வாயு காற்றைவிடக் கனம். பள்ளம் தேடித் தேங்கும், மூச்சை நிறுத்தும். கூட்டம் முடிந்து போடவிருந்த பந்திக்கு வைத்திருந்த அண்டாவுக்குள் களிமண்ணால் ஊரைப் பிடித்தேன். மேட்டில் கோயில் தெரு, நடுவில் கடைத்தெரு, அடியில் மழைத்தண்ணீரெல்லாம் வந்து நிற்கிற எங்கள் பள்ளத்தெரு. தெருவுக்கொரு மெழுகுவத்தி. செம்பில் சமையல் சோடா போட்டு எலுமிச்சை பிழிந்து, நுரை அடங்கியதும் சாறு சிந்தாமல் அண்டாவுக்குள் சாய்த்தேன். எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. பள்ளத்தெரு மட்டும் அணைந்தது.

சித்தி தீக்குச்சியைக் கிழித்து உள்ளே இறக்கினாள். அடியைத் தொடுமுன் அணைந்தது. "நீங்க ஏத்துங்க சார்" என்று தீப்பெட்டியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

கோயில் தெரு தர்மகர்த்தா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "மேல ரெண்டும் எரியுதுல்ல?"

கடைத்தெருக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் மேலாளர். எங்கள் முதுகுக்குப் பின்னால் தூக்கிய கைகளில் வளையல்கள் குலுங்கின. சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த குச்சியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.