என்னுதுதான்

துணியில் சுற்றிய குழந்தையை நர்ஸ் நீட்டியபோது சரவணக்குமார் கை நீட்டவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"மொதல்ல நீ வாங்கும்மா. எல்லாம் உன்னாலதான்."

வசந்தகுமாரி பேத்தியை வாங்கிக்கொண்டாள்.

எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு என்றாள் நர்ஸ். இந்த ஒரு செய்திக்காக அவன் ஐந்து மாதமாக உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான்.

மனைவி ஷோபனா நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தபோதுதான் அது நடந்தது. கள்ளிக்குப்பத்து ஃப்ளாட்டில், துணி காயப்போடும் பால்கனியில், கவிழ்த்து வைத்த வாளிக்கு அடியில் ஒரு சிகரெட் பாக்கெட். பாதி காலி.

அவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சமையலறைக்குப் போய் யாருடையது என்று கேட்டான். ஷோபனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னுதுதான்," என்றாள் அம்மா, வெங்காயம் நறுக்கியபடியே.

அப்பா போன பிறகு ராத்திரியில் தூக்கம் வராமல் பழகிவிட்டதாம்.

கோபம் வந்தால் அவனுக்கு ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பாஷை வந்துவிடும்.

"வயித்துப்புள்ளக்காரி கீற ஊட்டுல இன்னா வேலம்மா பண்ற? உனக்கு வெக்கமாவே இல்லியா?"

அன்று அவன் பேசியதில் இதுதான் கொஞ்சம் மரியாதையான பேச்சு. மற்றதை எல்லாம் அம்மா நின்று வாங்கிக்கொண்டாள்.

போனில் தேடித் தேடிப் படித்தான். புகை பட்டால் குழந்தை எடை குறையும். மாதம் நிறையாமலே பிறந்துவிடலாம். மூச்சு திணறலாம். படித்ததை எல்லாம் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷோபனா அழுதாள். அவளைப் பயமுறுத்தாதே என்றாள் அம்மா.

ஷோபனாவுக்குப் பிரசவம் பார்க்கும் டாக்டர் ரேஷ்மாவிடம் போய்ப் பழக்கத்தை நிறுத்த வழி கேட்கலாம் என்றதும் அம்மா உடனே சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை. "நீ வராத. ஷோபனா கூட வரட்டும்."

சனிக்கிழமைதோறும் இருவரும் ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

முதல் சில வாரம் வீட்டில் பாத்திரங்கள்தான் சத்தமாகப் பேசின. ஷோபனா சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாள், தூக்கமில்லாமல் ஹாலில் நடந்தாள். மசக்கை இன்னும் விடவில்லை போல என்று அவன் நினைத்துக்கொண்டான். அம்மா ஏலக்காயை டப்பாவில் போட்டு எந்நேரமும் கையில் வைத்திருந்தாள். சாயங்காலம் ஆனால் மாமியாரும் மருமகளும் தெருவைச் சுற்றி நடக்கக் கிளம்பிவிடுவார்கள்.

அவன் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவே ஒரு மாதம் ஆனது. மாங்காட்டிலிருந்து அப்பாவின் தங்கை போன் போட்டுத் திட்டினாள். அதற்கும் அம்மா "சரி, சரி, விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

உண்மையாகவே விட்டுவிட்டதாக டாக்டர் சொன்னார் என்று அம்மா சொன்ன நாளில் அவளுக்கு ஒரு புடவை எடுத்து வந்தான். அவள் அதை ஷோபனாவின் மடியில் வைத்தாள். நீதானே கூட நின்றாய் என்றாள்.

இன்று ஆஸ்பத்திரியில் குழந்தையை ஆசை தீரப் பார்த்துவிட்டு, எதிர்க் கடையில் பிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு மேலே வந்தான். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டாக்டர் ரேஷ்மா கட்டிலோரம் உட்கார்ந்து ஷோபனாவின் கையைப் பிடித்திருந்தார்.

"இத்தனை மாசம் ஒரு சிகரெட்டக்கூடத் தொடல நீ. லேசுப்பட்ட காரியமில்ல ஷோபனா. இப்ப பால் வேற குடுக்கற. மறுபடியும் ஆசை வந்தா மறைக்காம எங்கிட்ட வா."

"அத்தை இல்லன்னா என்னால முடிஞ்சிருக்காது டாக்டர்."

அவன் பிளாஸ்கோடு அங்கேயே நின்றான்.

அன்று சமையலறையில் ஷோபனா வாயைத் திறந்திருந்தால் தான் என்ன பேசியிருப்போம் என்று யோசித்தான். முழுசாக யோசிக்கவே பயமாக இருந்தது.

சத்தமில்லாமல் மாடிப்படி வரைக்கும் திரும்பிப் போனான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தான்.

டாக்டர் எழுந்து, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா குழந்தையின் பக்கம் குனிந்துகொண்டாள். அந்த நரைத்த தலையை ஒரு தரம் தொட்டான். அவள் நிமிரவில்லை.

முதல் டம்ளர் டீயை ஷோபனாவிடம் கொடுத்தான்.

"ரொம்பக் கஷ்டப்பட்டுட்டல்ல," என்றான்.

பிரசவத்தைத்தான் சொல்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.