டெஸ்டர் எங்கே?

"டெஸ்டர எங்க வச்சே?"

கணவர் கேட்டது முதல் தடவையிலேயே காதில் விழுந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று காலையில்தான் காதுக்கு மெஷின் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். நூல் மில் இரைச்சலில் மந்தமாகிப்போன காது. இப்போது குளியலறைக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. தன் குரலே தனக்குப் பெரிதாகக் கேட்டது.

காதை இப்படியே விட்டால் நாளடைவில் ஞாபகசக்தியும் குறையலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சுக்கே இனி இடமில்லை என்று வழியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தாள்.

கணவர் இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்காது.

சட்டைப் பையில்தான் இருக்கிறது என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மேசைக்கடியில் குனிந்து தேடினார். நிமிர்ந்து அதையே கேட்டார்.

மறுபடி சொன்னாள். மறுபடி தலையாட்டினார். அலமாரியைக் குடைந்துவிட்டு வந்து மறுபடி அதையே கேட்டார்.

டாக்டர் ஞாபகசக்தி பற்றிச் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

இத்தனை வருடமாக எதையும் மூன்று நான்கு தடவை கேட்பாரே. எல்லாம் தன் காதுக்காகத்தான் என்றல்லவா இருந்தாள்? கேட்டது அப்போதைக்கப்போது மறந்துபோய்த்தான் திரும்பத் திரும்பக் கேட்டாரோ?

மறந்தால் மறக்கட்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் பயமும் கோபமும் தாங்கவில்லை. மில்லில் கத்துவதுபோல ஒரு கத்து கத்தினாள்.

அவர் பையைத் தொட்டுப் பார்த்தார். டெஸ்டரை எடுத்தார்.

"இத அப்பவே சொல்றதுக்கென்ன? காலையிலேர்ந்து வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கிட்டு இருக்கே."



மெஷின் வந்த பிறகுதான் அவள் குரலைத் தணித்திருந்தாள். அதற்கு முன் அந்த வீட்டில் அவள் மெதுவாகப் பேசியதே இல்லை.

சிரிப்பை அடக்கமுடியாமல் போனை எடுத்து, கணவருக்கும் காது பார்க்க ஒரு நாள் குறித்துத் தரும்படி டாக்டரிடம் கேட்டாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்காமல்.