அளவுக்கு ஒருத்தி

பெட்டியின் மூடியைத் திறந்ததும் காப்பாளர் இரண்டு முறை தும்மினார்.

"எல்லாம் கல்லும்மா. பாறை, பாறை, அதை விட்டா இன்னொரு பாறை. நீங்க மனுஷ மூஞ்சியைத் தேடி வந்திருக்கீங்க. கிடைக்கும்னு எனக்குத் தோணலை."

அவள் முடியை இடது காதின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். அந்தக் காதின் நுனி, அடையாளத்துக்கு மடித்த புத்தகப் பக்கம் மாதிரி மடங்கியிருக்கும்.

தேடி வந்தது அம்மாவின் முகத்தை.

மலை முகாமில் அம்மா காய்ச்சலில் போனபோது அவளுக்கு நடை பழகும் வயது. அப்பா, பாறையும் தாதுக்கல்லுமே உலகமென்று திரிந்த நிலவியல்காரர், அவளை அத்தை வீட்டில் இறக்கிவிட்டு மறுபடி மலையேறிவிட்டார். எப்போதாவது வருவார். மற்ற அப்பாக்கள் பொம்மையோடு வருவார்கள். இவர் கல்லோடு வருவார்.

"ஊர்ல இருக்கிற பாறையை எல்லாம் படம் பிடிச்சானே, கட்டினவளை ஒரே ஒரு படம் பிடிச்சானா?" என்று அத்தை கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அத்தையும் போய்ச் சேர்ந்தாள். அம்மாவை நேரில் பார்த்தவர்களில் மிச்சமிருந்தது அத்தை மட்டும்தான். இனி அந்த முகம் எந்த ஞாபகத்திலும் இல்லை.

அதனால்தான் அப்பா செத்து இத்தனை வருஷமாக எட்டிக்கூடப் பார்க்காத, அவர் எடுத்த படங்கள் கிடக்கும் இந்த அருங்காட்சியகத்தின் பின்பக்க அறைக்கு, ரோஷத்தைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தாள்.

முதல் உறை. பாறை.

இரண்டாவது. பாறை.

மூன்றாவதில் கை நின்றது.

பாறையின் இடது ஓரத்தில் ஒரு பெண். முதுகைக் காட்டி நின்றாள். ஆம்பளைச் சட்டை, இடுப்பைத் தொடும் பின்னல்.

அடுத்த படத்திலும் அதே பின்னல். அதற்கடுத்ததிலும்.

"யார் சார் இது?"

"அளவும்மா. பாறை மலையளவா, தீப்பெட்டியளவான்னு படத்தை மட்டும் பாத்து எவன் சொல்ல முடியும்? அதுக்குத்தான் பக்கத்துல சுத்தியல் வைப்பாங்க, காசு வைப்பாங்க. இவரு ஆளையே நிக்க வெச்சிருக்காரு."

"அதுக்கு ஏன் திரும்பி நிக்கணும்?"

"முகம் தெரிஞ்சா பாக்கிறவன் கண்ணு அங்க போயிடும். அப்புறம் பாறையை யாரு பாப்பா?"

படத்தைப் புரட்டினாள். பின்புறம் பென்சிலில் அப்பாவின் பொடி எழுத்து.

அளவு: ஐந்தடி இரண்டங்குலம்.

பேர் இல்லை.

அத்தை சாடைமாடையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. மலையில் எவளோ இருக்கிறாளாம். இல்லாவிட்டால் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஒருத்தன் அங்கேயே பழியாய்க் கிடப்பானா?

ஆக, உண்மைதான். கட்டினவளுக்கு ஒரு படம் இல்லை. எவளோ ஒருத்திக்குப் பெட்டி கொள்ளாமல் படம்.

மூடியை எடுத்துப் பெட்டியைச் சாத்தப் போனவள், போகிறபோக்கில் இன்னோர் உறையை உருவினாள்.

அதே பின்னல். தோளில் மட்டும் ஒரு குழந்தை.

பெண் ஒழுங்காகப் பாறையைப் பார்த்து நிற்கிறாள். குழந்தைக்குச் சட்டம் தெரியவில்லை. தோளுக்கு மேலாக எட்டி, பல்லில்லாத வாயைத் திறந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அதன் இடது காதின் நுனி மடங்கியிருந்தது.

அவள் கை தானாகத் தன் காதுக்குப் போயிற்று.

பின்புறம் திருப்பினாள்.

அளவு: ஐந்தடி இரண்டங்குலம். தோளில் இருப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அம்மாவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறாள். திரும்பினால் போதும். திரும்பாமல் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள், மடச்சி.

பெட்டியைக் கடைசி உறைவரை பார்த்தாள். முதுகு. முதுகு. முதுகு. காற்றில் கலைந்த பின்னல், ஒரு படத்தில் சுருட்டிவிட்ட சட்டைக்கை, இன்னொன்றில் வெறுங்கால். முகம் மட்டும் இல்லை.

எழுந்தபோது காப்பாளர் மூலையிலிருந்து இன்னொரு பெட்டியைக் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்தார். முதல் பெட்டியைவிடப் பெரியது.

"இது கழிக்கிறதுக்கு ஒதுக்கினது. வேணும்னா நீங்களே எடுத்துட்டுப் போங்க. பிற்காலத்துல எடுத்தது. ஒண்ணுத்துலயாவது அளவு வெச்சிருந்தாத்தானே! யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அவ்வளவு பெரிய படிப்பாளி, அரிச்சுவடியை மறந்துட்டாரு பாருங்க. ஒரு சுத்தியலையாவது வெச்சிருக்கலாம்ல?"

அவள் மேலாக இருந்த ஒன்றை எடுத்தாள்.

பாறை படத்தின் நடுவில் இல்லை. வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. இடது ஓரத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. அங்கே வெறும் தரை.

அடுத்த படத்தில் வேறு மலை. அதே வெறும் தரை.

"முன்பக்கம் மட்டும்தான் பாத்தீங்களா சார்?"

"பின்னாடி என்னம்மா இருக்கப் போகுது?"

அவள் ஒன்றைத் திருப்பினாள். இன்னொன்றை. கையை அடிவரை விட்டு, கடைசியாகக் கிடந்ததையும் எடுத்துத் திருப்பினாள். எழுத்து நடுங்கியிருந்தது. எண் நடுங்கவில்லை.

அளவு: ஐந்தடி இரண்டங்குலம்.