சுவருக்குள் சுழலும் பெட்டி

மலைமேல் இருந்த பழைய கன்னியர் மடத்தை ஆரோக்கிய விடுதியாக மாற்றியிருந்தார்கள். முகப்புச் சுவருக்குள் பதித்திருந்த மரப்பெட்டியை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். மணியடித்துவிட்டுப் பெட்டியைத் திருப்பினால் அந்தப் பக்கத்திலிருந்து கஷாயம் வரும். கொடுக்கிறவர் முகம் தெரியாது.

திருமண நாளுக்கென்று மாசிலாமணிதான் மூன்று நாள் அறை பிடித்திருந்தார். இந்த ஊர் வேண்டாம் என்று அவர் மனைவி திலகவதி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

“மடமா இருந்தப்போ வேண்டாத பிள்ளைங்கள இதுலதான் வெச்சுட்டுப் போவாளுங்களாம்,” என்று பெட்டிக்கு மேலிருந்த அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தார். “நமக்கு ஒண்ணுக்கே வழியில்ல. அவளுங்க பெத்து வீசிட்டுப் போயிருக்காளுங்க பாரு.”

கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அவள் கேட்டுவரும் பேச்சுதான் இது.

குடித்த தம்ளரை உள்ளே வைத்து அவர் திருப்பினார். பெட்டி பாதியில் சிக்கிக்கொண்டது. உலுக்கினார், குத்தினார். அவள் கிட்டே வந்தாள்.

“நீ தொடாத. உன் கை பட்டு எது வெளங்கியிருக்கு?”

அவள் இடது கையால் அடிப்பலகையை லேசாகத் தூக்கிக்கொண்டு, வலது தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பெட்டி சத்தமில்லாமல் சுழன்றது.

“யாருங்க திருப்புனது?” என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் கேட்டது. “தூக்கித் தள்ளணும்னு எங்களுக்கே ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. முன்னாடி வந்திருக்கீங்களா?”

மாசிலாமணி அவள் கையையே பார்த்தார். “கேக்குறாங்கல்ல?” என்றார்.

பெட்டி காலியாகத் திரும்பி வந்தது. திலகவதி அதற்குள் கையை விட்டு, மூலைவரை தடவிப் பார்த்தாள்.