எட்டு நிமிட நீலம்

கருங்காலி இன்றைக்கும் தொட்டியடியை விட்டு நகரவில்லை.

ஊழியர் சங்கச் செயலாளர் மேசைக்கு அடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். இரண்டு நிமிட வேலைக்குப் பதினொரு நிமிடம்.

ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடம் அது. ஈரலிலிருந்து எடுத்த துணுக்கை மெலிதாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றுவார்கள். செல்களெல்லாம் சிவப்பாகும், நடுவே ஓடும் இணைப்புத் திசு நீலமாகும். நீலம் எவ்வளவு என்று பார்த்துத்தான் ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று டாக்டர் சொல்வார். சாயம் ஏற்றுவது செயலாளர். அதை அமிலத் தண்ணீரில் அலசி, அதிகப்படி நீலத்தைப் போக்கி, மேலே கண்ணாடி மூடுவது கருங்காலி.

கருங்காலி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல; செயலாளர் வைத்தது. வேலையை நேரம் வைத்து அளக்கக் கூடாது என்று பதினேழு வருடத்துக்கு முன் நடந்த வேலைநிறுத்தத்தில், மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்பிவிட்டவன். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. ஸ்லைடுத் தட்டை ஒற்றை விரலால் அவன் பக்கம் தள்ளிவிடுவதோடு சரி. இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் தட்டுக்கு அடியில் ஒரு சீட்டு மடித்து வைத்திருந்தான். சமாதானத் தூதாக்கும் என்று செயலாளர் படிக்காமலே நாலாகக் கிழித்துப் போட்டார். கிழித்த வீரத்தைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசவும் செய்தார்.

நேரம் அளப்பதை எதிர்த்துச் சிறைக்குப் போன கை, இப்போது நேரம் குறிப்பது அவருக்கே கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. 'அது நிர்வாகம் அளந்தது, இது தொழிலாளி அளப்பது' என்று மனசுக்குள்ளேயே ஒரு துண்டுப்பிரசுரம் போட்டு உறுத்தலை அடக்கினார்.

டாக்டரம்மா உள்ளே வந்தார்.

"செயலாளரே, ரெண்டு வருஷமா உங்க நீலம் மாதிரி எங்கேயும் இல்லைன்னு வெளி ஆஸ்பத்திரியில எல்லாம் கேக்கறாங்க. என்ன செய்றீங்க?"

"புத்தகத்துல அஞ்சு நிமிஷம்தான் போட்டிருக்கு. நான் எட்டு நிமிஷம் வைப்பேன். அஞ்சு நிமிஷத்துல வெளிறிப் போய்க் கிடக்குது, டாக்டர். புத்தகம் எழுதினவன் என்னைக்குக் கையில சாயம் பட்டு வேலை செஞ்சான்?"

"அப்படியா?" என்று டாக்டர் தொட்டியடியைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணன் முறைதான் டாக்டர்," என்றான் கருங்காலி, திரும்பாமலே.

"அப்ப அதை உங்க பேர்லயே எழுதிச் சுவர்ல மாட்டிடலாம். வியாழக்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நீங்களே செஞ்சு காட்டுங்க."

அன்று மாலையே செயலாளர் புகாரை எழுதி முடித்தார். 'மேற்படி ஊழியர் இரண்டு நிமிட வேலைக்குப் பதினொரு நிமிடம் எடுத்துக்கொள்கிறார்.' சுவரில் பெயர் ஏறிய கையோடு டாக்டரிடம் கொடுத்துவிடலாம் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை நாலு பேர் வந்தார்கள். எட்டு நிமிடம் நீலம் முடிந்தது.

"அண்ணே, அலசும்போது கொஞ்சம்..." என்று வாசலில் நின்ற கருங்காலி ஆரம்பித்தான்.

"வேலையில்லாதவங்க தள்ளி நின்னா வெளிச்சம் வரும்," என்றார் செயலாளர், சுவரைப் பார்த்து.

கடிகாரத்தை வைத்துச் சரியாக இரண்டே நிமிடம் அலசினார். கண்ணாடி மூடினார். மைக்ராஸ்கோப்பில் முதலில் அவரே பார்த்தார். அளவான, அழகான நீலம்.

டாக்டர் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"சிவப்பையே காணோமே. போன வாரம் நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பினோமே, அவரோட ஈரல்தான் இது. இதை நம்பினா அவருக்கு இன்னைக்கே நாள் குறிக்கணும்."

"சாயம் பழசு. நிர்வாகம் வாங்கற லட்சணம் அப்படி."

"நேத்துதானே புதுசு கலக்கினீங்க." டாக்டர் கிட்டே வந்து அவர் கண்களையே பார்த்தார். "ரெண்டு கண்லயும் புரை விழுந்திருக்கு. அதுல முதல்ல மங்கறது நீலம்தான். ஒரு சின்ன ஆபரேஷன், சரியாயிடும். எத்தனை நாளா இப்படி?"

செயலாளருக்குத் தெரியவில்லை. தெரிந்தவன் வாசலில் நின்றான்.

எல்லாரும் போனபிறகு, பதினேழு வருடத்தில் முதல்முறையாக அவனிடம் வாயைத் திறந்தார்.

"தினமும் என் நீலத்தையா கழுவிக்கிட்டிருந்தே?"

"ஒவ்வொண்ணா மைக்ராஸ்கோப்புல பாத்துப் பாத்து, சிவப்பு தெரியற வரைக்கும் அலசணும்ணே. அதான் நேரமாகும்."

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"சீட்டு எழுதி வச்சேனே. நாலாக் கிழிச்சீங்க."

கோபப்பட இன்னும் ஒரே இடம்தான் பாக்கி இருந்தது.

"டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

கருங்காலி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டான்.

"கூட வேலை செய்றவனை மேலிடத்துல காட்டிக் கொடுக்கறவன்தான் கருங்காலின்னு, நீங்கதானே அண்ணே நோட்டீஸ் அடிச்சு என் கையில குடுத்தீங்க?"

செயலாளர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.