ஆளுக்கு ஒரு காது

“யம்மா, என் காக்கிச் சட்டை எங்க?”

குளித்த தலையோடு வல்லரசு உள்ளேயிருந்து கத்தினான். சந்திரம்மாள் எழுந்திருக்கப் போனாள். சுவரில் சாய்ந்திருந்த பரசுராமன் மனைவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“நிகழ்ச்சி ஓடினு இருக்குதுடா. கொடியில பாரு.”

“நீயும் கேக்கறியாப்பா? சரி, சரி.” மகனின் குரல் இறங்கிவிட்டது. சட்டையைத் தானே தேடி மாட்டிக்கொண்டு, தெருவில் நின்ற ஆட்டோவைத் துடைக்கப் போனான்.

ஒரே செல்போன், ஒரே இயர்போன். அதைச் சொருகினால்தான் அந்தச் செல்லில் ரேடியோ கேட்கும். ஒரு முனை சந்திரம்மாளின் காதில், இன்னொன்று பரசுராமனின் காதில்.

அந்தக் காலத்துப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி ரேடியோவில் தினமும் மத்தியானம் பேசினார்கள். சந்திரம்மாள் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டப் பழகியவள். ஒரு பக்கம் படிப்பதற்குள் உடம்பு அசதியில் கண் சொருகிவிடும். அதனால் காதால் படித்தாள்.

தனியாகக் கேட்ட நாட்களில் அவள் எதையும் முழுசாகக் கேட்டதில்லை. டீ கேட்பார்கள், சாவி கேட்பார்கள். எழுந்து போய் வருவதற்குள் நிகழ்ச்சி முடிந்திருக்கும். ஒருநாள் பரசுராமன், “இன்னொன்ன எனக்குக் குடு” என்று வந்து உட்கார்ந்தார். தன் ஆசை அவருக்கும் தொற்றிக்கொண்டதில் அவளுக்கு ஒரு பெருமை.

வாசலில் அப்பாசாமி வந்து நின்றார். பரசுராமனோடு லோடு இறக்குகிறவர்.

“பரசு, நாளைக்குப் பௌர்ணமி. அடி அண்ணாமலையில தண்ணி பாட்டில் லோடு வந்து நிக்குது. கிளம்பு.”

“முடியட்டும், வரேன்.”

“இன்னாத்த முடியட்டும்? பொம்பளைங்க எழுதுன கதையா? இம்மாம் பெரிய மீசைய வெச்சினு உனக்கு இது தேவையா? டீக்கடையில எல்லாம் சிரிக்கறாங்கய்யா.”

சந்திரம்மாளின் முகம் சுருங்கியது. “நீங்க போங்க. வேலை போயிடும்.”

“நீ கேளு.”

“அப்படி இன்னாதான் சொல்றாங்க? எனக்கும் சொல்லேன்” என்றார் அப்பாசாமி.

பரசுராமன் யோசித்தார். “ஒரு பொம்பள எழுதறா. வீட்டுல எழுத விடமாட்டேன்றாங்க.”

“தினத்துக்கும் இதே கதையா?”

“தினத்துக்கும் இதே கதைதான்.”

“நல்லா கேளு. நான் தருமனைக் கூப்டுக்கறேன்.” அப்பாசாமி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

ரேடியோவில் கதை எழுதிய ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுதிய தாள்களை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பாராம். ஒருநாள் மாமியார் பானையில் கைவிட்டுவிட்டார். சந்திரம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அந்த மாமியார் தாள்களை அடுப்பில் போடவில்லை. உட்கார்ந்து படித்துவிட்டு, “மீதிய எப்ப எழுதுவே?” என்று கேட்டாராம். மாமியாருக்குப் படிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் மருமகளுக்குத் தெரிந்ததாம்.

சந்திரம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “கேட்டீங்களா, மாமியார் இன்னா சொன்னாங்கன்னு?”

“கேட்டேன், கேட்டேன். நல்லா சொன்னாங்க.” பரசுராமன் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அந்த அம்மாவின் கதை ஒன்றை வாசிக்க ஆரம்பித்தார்கள். சந்திரம்மாளுக்கு இடது காது வலித்தது. அதிலிருந்ததை எடுத்துவிட்டு, அவர் வைத்துப்போன முனையை வலது காதில் வைத்துக்கொண்டாள்.

சத்தமே இல்லை. ஒயரை ஆட்டினாள், தட்டினாள். ஒன்றும் இல்லை. பழைய முனையில் கதை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பரசுராமன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இது பேசவே இல்லியே. எப்பலேர்ந்து?”

“நான் மாட்டன மொத நாள்லேர்ந்தே.”

“அப்ப இத்தனை மாசமா...”

“யம்மா, குழாயில தண்ணி வந்துடுச்சு! குடத்த எடுத்துனு வா!” தெருவிலிருந்து வல்லரசு கத்தினான்.

பரசுராமன் அவசரமாக உட்கார்ந்து, அந்தப் பேசாத முனையைத் தன் காதில் மாட்டிக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“நாங்க கேட்டுனு இருக்கோம்டா. நீயே புடி!”